வண்டி நின்ற மேடு

எதிர்வீட்டுக்காரரின் கார் போன வாரம் வாசலிலேயே முரண்டு பிடித்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போவதற்குள் கம்பெனியிலிருந்து ஆள் வந்துவிட்டார். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகினார், கையிலிருந்த திரைப் பலகையைப் பார்த்தார், "மூணாவது இன்ஜெக்டர் சார்" என்றார். முடிந்தது வைத்தியம். ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு, முதலில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாமே என்று சொன்னால் ஒரு முகத்தில் என்ன தெரியும்? தாத்தாவுக்கு நாற்காலி போடுங்க என்கிற கருணை தெரிந்தது. போட்டார்கள். உட்கார்ந்தேன்.

இன்ஜெக்டரைக் கழற்றியபோது இரண்டு சொட்டு பெட்ரோல் சிமெண்டுத் தரையில் விழுந்து, ஈரம் பரவி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துபோனது. வாசனை மட்டும் எழுந்து என் நாற்காலி வரைக்கும் வந்தது. பெட்ரோல் மறைகிற அந்த வேகத்தை வைத்து ஒரு மனிதனைக் காப்பாற்ற ஒரு காலத்தில் முயன்றிருக்கிறேன். எப்படிக் காப்பாற்றினேன் என்று கேட்டுவிடாதீர்கள்.

சமஸ்தானம் மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்து, புதுக்கோட்டைக்காரர்கள் எல்லோரும் தூங்கி எழுந்தபோது திருச்சி ஜில்லாக்காரர்களாகியிருந்த புதிது. நான் எல்.எம்.இ. என்கிற மெக்கானிக்கல் டிப்ளமாவை முடித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகம் வீடு தேடி வரும் என்று சில காலம் காத்திருந்து, வராததால் ஒரு பஸ் முதலாளியின் ஷெட்டில் சூபர்வைசராகச் சேர்ந்தேன். முதலாளி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவருடைய பேரப்பிள்ளைகள் நல்லவர்கள், ஆனால் வழக்குப் போடுகிறவர்கள்.

முதலாளிக்கு ஓடுகிற பஸ்கள் இருந்தன, அரிசி மில் இருந்தது, குடுமியான்மலைக்குப் பக்கத்தில் வயல் இருந்தது. இவற்றையெல்லாம்விட அவருக்குப் பெரிது அந்தக் கார். சமஸ்தானம் கலைந்தபோது விற்பனைக்கு வந்தவற்றில் ஒன்று. நீளமான மூக்கு, பித்தளை விளக்குகள், பின்னால் பெட்ரோல் டாங்கி, அதற்கும் பித்தளை மூடி. முன்பு அதில் உட்கார்ந்தவர்களைத் தெருவில் நின்று கும்பிட்டவர் முதலாளி. இப்போது தான் உட்கார்ந்து, யார் கும்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போவார். கும்பிடாதவர்களின் பெயர் அவருக்கு மறக்காது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் காருக்குப் பூஜை. டிரைவரைத் தொடவிட மாட்டார், தானே செய்வார். குழைத்த சந்தனத்தைக் காரின் நெற்றியில் ஒன்று, விளக்குகளுக்கு ஒவ்வொன்று, கடைசியாகப் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியின் நடுவில் பெரிதாக ஒன்று அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பார். "அதுதானப்பா வண்டிக்கு வாயி. சாப்புடுற எடம் சுத்தமா இருக்கணும்" என்பார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். கார் கனைத்துக்கொண்டு புறப்படும்.

டிரைவர் சின்னையாவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத ஆள். யுத்தத்தின்போது பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். முதலாளி தைத்துக் கொடுத்த காக்கிச் சட்டையையும் தொப்பியையும் அவர் போட்டுக்கொள்கிற விதத்தைப் பார்த்தால், அந்தக் கார் உண்மையில் யாருடையது என்று வெளியூர்க்காரனுக்குச் சந்தேகம் வந்துவிடும். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. சின்னையாவுக்கு ஒரே மகள். எங்கள் பஸ் கண்டக்டர் ஒருவருக்குப் பேசி, வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

மாசி மாதவாக்கில் வண்டி நிற்க ஆரம்பித்தது.

ஊருக்குள் ஓடினால் ஒன்றுமில்லை. மில்லுக்கும் ஷெட்டுக்கும் பூனைபோலப் போய் வரும். வயலுக்குப் புறப்பட்டால் மட்டும், பல மைல் தாண்டியபின் ஒரு சரளை மேடு வரும், அந்த ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கும், இழுவை போகும், இருமும், நின்றுவிடும். சின்னையா இறங்கிப் போய்ப் பெட்ரோல் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை விட்டு அளவு பார்த்து, மூடுவார். மறுபடி ஹேண்டில் போட்டால் ஓடும். ஏன் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாது. "ஒரு தடவ எறங்கிப் பாத்துட்டா அதுக்கு ஒரு தெம்பு சார்" என்று என்னிடம் சொன்னார்.

இதைப் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் முதலாளியின் மச்சினர். அவருடைய உத்தியோகமே பின்சீட்டில் உட்காருவதுதான்.

"மாமா, நிக்குது. இவன் மூடியத் தொறக்குறான். ஓடுது. உள்ளுக்க என்னத்தப் பண்றான்?"

"என்னத்தப் பண்றான்?"

"எனக்கென்ன தெரியும். பெட்ரோல எடுத்துப்புட்டு மண்ணெண்ணெய ஊத்துனா வண்டி இப்பிடித்தான் இருமுமாம். கேள்விப்பட்டேன்."

யாரிடம் கேள்விப்பட்டார் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து மூடியைச் சின்னையா தொடக் கூடாது என்று உத்தரவாயிற்று. பெட்ரோலை முதலாளியே நின்று ஊற்ற வைத்தார். சனிக்கிழமைகளில் பித்தளையைத் துடைக்கிற வழக்கத்தில்கூட அந்த மூடி மட்டும் விலக்கு. இதன்பிறகு மேட்டில் நின்ற வண்டி லேசில் கிளம்பவில்லை. வெயிலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால்தான் மறுபடி உயிர் வரும். களவைத் தடுத்தபின் வண்டி மோசமானதே, அப்படியென்றால் களவு இல்லை என்றுதானே ஆகிறது என்று நீங்கள் யோசிப்பீர்கள். மச்சினர் வேறு மாதிரி யோசித்தார். "ஆத்தரத்துல எஞ்சினுக்குள்ள வேற என்னமோ பண்ணிட்டான்."

அப்போதுதான் வண்டி என்னிடம் வந்தது. என் வாழ்வின் முதல் கேஸ். எஞ்சினுக்கு வேண்டியது மூன்றே சங்கதிகள்: தீப்பொறி, எண்ணெய், காற்று. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஒன்றைப் பார்க்கும்போது மற்றதைத் தொடக் கூடாது. பிளக்குகளைக் கழற்றினேன். மண்ணெண்ணெய் எரிந்தால் கரியப்பி இருக்கும். இவையோ வெளுத்துக் காய்ந்து கிடந்தன, பட்டினி கிடந்தவன் நாக்குப்போல. பொறி தருகிற பாயின்டைத் தேய்த்துப் பார்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தேன். டாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் ஊற்றி முதலாளி முன்னால் பிடித்தேன். மண்ணெண்ணெய் இருந்தால் தாளில் எண்ணெய்க் கறை நிற்கும். ஈரம் மறைந்தது, தாள் வெள்ளையாக இருந்தது.

"கலப்படம் இல்லைங்க. எஞ்சின்லயும் கொறை இல்லை" என்றேன்.

முதலாளி தாளைத் திருப்பிப் பார்த்தார். "எஞ்சின்ல கொறை இல்ல?"

"இல்லைங்க."

"அப்ப ஓட்டுறவன்கிட்டத்தான் கொறைங்குற. சரி தம்பி."

அந்தத் தர்க்கத்துக்கு வண்டியும் ஒத்துழைத்தது. ஷெட்டில் நிறுத்திவைத்து ஓட்டினால் நாள் முழுக்க ஓடியது. படிப்பில் எங்களுக்குக் குறையைக் கண்டுபிடிக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். குறை இல்லை என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்பது சிலபஸில் இல்லை.

ஊர் எல்லையில் ஒரு கருப்பர் கோயில். அங்கே சத்தியம் செய்வது எப்படி என்றால், சூடத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். போலீசில் பொய் சொன்னவனும் அங்கே சொல்ல மாட்டான். கோர்ட்டில் தோற்றவர்கள்கூட அந்தப் படியில் தோற்பதற்கு அஞ்சுவார்கள். ஒரு காலை நேரத்தில் முதலாளியும் மச்சினரும் சின்னையாவை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். எஞ்சினுக்குச் சாட்சியாக என்னையும். ஷெட் ஆட்கள் வந்திருந்தார்கள், சம்பந்தியாகப் போகிற கண்டக்டர் குடும்பமும் வந்து ஓரமாக நின்றது.

சின்னையா குளித்துவிட்டு, காக்கிச் சட்டையைச் சலவை மடிப்போடு போட்டு வந்திருந்தார். பயம் தெரியவில்லை. இது முடிந்தால் பேச்சு அடங்கும் என்று நம்பினார் போலிருக்கிறது.

"பெட்ரோல எடுக்கல. எதையும் கலக்கல. இது சத்தியம்" என்றார்.

"இரு இரு" என்றார் மச்சினர். "மொட்டையாச் சொன்னா? வண்டி இங்கிட்டிருந்து பொறப்பட்டா வயலு வரைக்கும் நிக்காமப் போகணும். நின்னுச்சுன்னா நான் களவாணின்னு சொல்லு."

சின்னையா முதலாளியைப் பார்த்தார். "வண்டி பழசுங்க மொதலாளி. அது நிக்கிறதுக்கு நான்…"

"என்னடா, சாமிக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனக்கிறியா?" என்றார் முதலாளி. கூட்டம் சிரித்தது. கண்டக்டரின் தகப்பனார்கூடச் சிரித்தார்.

சின்னையா சொன்னார். அடித்தார். சூடம் அணைந்தது. பூசாரி சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். இது தெய்வ காரியமாகிவிட்டதால் முதலாளி தாராளமாகவே அள்ளினார். விளக்குகளுக்கு வைத்தார், பின்னால் போனார், வாய்க்கும் வைத்தார். அழுத்தி வைத்தார்.

வண்டி அருமையாக ஓடியது. இரண்டாவது மைலில் முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். சின்னையா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விதம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மாதிரி இருந்தது. பின்னால் ஷெட் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. தெய்வத் தீர்ப்பைப் பார்க்க ஸ்பெஷல் பஸ் விட்ட ஊர் எங்கள் ஊர்.

மேட்டின் பாதியில் இருமியது. சின்னையா கியரை மாற்றினார். "ஏறு, ஏறு ஆத்தா" என்று மெதுவாகச் சொன்னது முன்சீட்டில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. ஆத்தா ஏறவில்லை.

அவர் இறங்கி, பழக்க தோஷத்தில் நேராக டாங்கிப் பக்கம் போனார். "மூடியில கைய வச்சே, ஒடிச்சுருவேன்" என்றார் முதலாளி. சின்னையா கையை இறக்கினார். விரலுக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மச்சினர் கூட்டத்தைப் பார்த்து, "கண்ணு முன்னாடி காட்டிருச்சுல்ல? இதுக்கு மேல என்னப்பா சாட்சி?" என்றார். முதலாளி காரைவிட்டு இறங்கவே இல்லை. "தள்ளு" என்றார். சின்னையா ஒருவராகவே தள்ளினார். ஏற்றம். நகருமா? நானும் இன்னொருவரும் கை கொடுக்கப் போனபோது, "படிச்சவுக கையில கரி ஆகப்போவுது, இங்கிட்டு வாங்க தம்பி" என்றார் மச்சினர். தோளைக் கொடுத்துத் தள்ளித் தள்ளி, சரளையில் வழுக்கி முழங்கால் பிய்ந்து, கடைசியில் அவர் பம்பரில் தலையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது முதலாளி, "சட்டையும் தொப்பியும் என்னுது" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை.

சின்னையா கழற்றினார். மடித்தார். தொப்பியை மேலே வைத்துப் பின்சீட்டில் கொடுத்தார். கண்டக்டர் குடும்பம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியது. பஸ் அவரை ஏற்றவில்லை. வெற்றுடம்போடு ஊரைப் பார்த்து நடந்து போனார். வைகாசிக் கல்யாணம் அந்த மேட்டிலேயே இறங்கிக்கொண்டது என்று அன்று மாலை ஷெட்டில் ஒரு கிளீனர் சொல்லி, எல்லோரும் ரசித்தார்கள். நன்றாகத்தான் சொன்னான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நகைச்சுவை உண்டு.

அரைமணி கழித்துக் கிளம்பிய வண்டியை நான்தான் ஓட்டினேன். சாயங்காலம் திரும்பும்போது முதலாளி மட்டும் இருந்தார். ஒரு புளியமரத்தடியில் என் கையிலும் வண்டி நின்றது. என்னை யாரும் களவாணி என்று சொல்லவில்லை. டிப்ளமா வைத்திருப்பவன் ஓட்டினால் வண்டி கெட்டுப்போய் நிற்கும், இல்லாதவன் ஓட்டினால் களவால் நிற்கும்.

இறங்கினேன். மூடியைத் தொடக் கூடாது என்ற உத்தரவு எனக்குக் கிடையாது. திருகினேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். வெகுநேரம் மூச்சடக்கியிருந்த ஒருவர் பக்கத்தில் நின்று விடுகிற மூச்சு மாதிரி. எனக்கு உடம்பு சிலிர்த்தது, பக்தியால் இல்லை.

இளநீரில் ஒரே ஒரு கண்ணைத் திறந்து கவிழ்த்தால் நீர் ஒழுங்காக இறங்காது, மொடக் மொடக்கென்று நின்று நின்று வரும். உள்ளே காற்றுப் போனால்தான் வெளியே நீர் வரும். பெட்ரோல் டாங்கியும் அப்படித்தான். அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை வைத்திருப்பார்கள். மூடியின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். வாரவாரம் அப்பி, காய்ந்து, அதன்மேல் அப்பி, சிமெண்டுபோல இறுகியிருந்தது சந்தனம். ஊருக்குள் கொஞ்ச தூரம் ஓடுவதற்கு உள்ளே இருக்கும் காற்று போதும். மைல்கணக்கில் ஓடினால் டாங்கிக்கு மூச்சு முட்டும். ஏற்றத்தில் எஞ்சின் அதிகமாகக் கேட்கும், கிடைக்காது. ஷெட்டில் சும்மா ஓடும்போதும், நின்று அரைமணி ஆறும்போதும் மூடியின் ஓரத்தில் கசிகிற காற்றே போதும். எண்ணெயையும் தீயையும் அத்தனை ஒழுங்காகப் பார்த்த நான், காற்றை எஞ்சின் பக்கம் தேடினேன், டாங்கிப் பக்கம் தேடவில்லை.

ஒரு கருவேல முள்ளை ஒடித்துத் துளையைக் குத்தினேன். முள் முனையில் மஞ்சளாக ஒட்டியிருந்ததை முதலாளியிடம் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முட்டாள் இல்லை, உடனே புரிந்துகொண்டார். முள்ளை வாங்கி மோந்துகூடப் பார்த்தார்.

"நல்ல சந்தனம்" என்றார்.

"சின்னையாவக் கூப்புட்டுச் சொல்லிரலாங்களா?"

"என்னன்னு? நான் வச்ச சந்தனத்துல வண்டி நின்னுச்சுன்னா? இல்ல கருப்பரு தப்பாத் தீர்ப்புச் சொல்லிட்டாருன்னா? ரெண்டுல எதச் சொன்னாலும் நான் ஊருக்குள்ள நடமாட முடியாது தம்பி. சின்னையா நடமாடாட்டி என்ன, அவனென்ன பஸ்ஸா விடுறான்?" முள்ளை வெளியே எறிந்துவிட்டு, "ஓட்டு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூஜையை நான் நின்று பார்த்தேன். மூடிக்குச் சந்தனம் வைக்கிறபோது முதலாளி குனிந்து, துளையை உற்றுப் பார்த்து, ஒரு விரல் தள்ளி வைத்தார். புது டிரைவர் கெட்டிக்காரன் என்று ஊரில் பெயர் வாங்கினான். அவன் வந்தபின் வண்டி நிற்கவே இல்லையே!

நான் ஷெட்டில் சொல்லிப் பார்த்தேன். "சார் படிச்சவரு, சாமியே இல்லம்பாரு" என்றார்கள். சின்னையா வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. மணமேல்குடிப் பக்கம் மனைவியின் ஊருக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சொல்லும்போதே வாசலில் தண்ணீர் தெளித்தார்கள்.

பிறகு சர்க்கார் ஒருவழியாக என்னை நினைத்துக்கொண்டது. பிரேக் இன்ஸ்பெக்டராகி, ஓடுகிற பஸ்களை நிறுத்தி, நிறுத்தியதற்கு விதிகளைத் தேடி, நல்லபடியாக எல்லோரிடமும் சாபம் வாங்கிக்கொண்டு பல ஊர்கள் சுற்றினேன். அறுபதுகளில் ஒருநாள் ஆபீஸ் ஜீப்பில் குடுமியான்மலை ரோட்டில் போகும்போது, அந்த மேட்டில் டிரைவர் வண்டியை நிறுத்தினார்.

"டிரைவர் மேடு சார். பொய்ச் சத்தியம் பண்ணுன எடம். ஒரு சூடம் கொளுத்தாமப் போனா வண்டி ஏறாது."

ஒரு கல், ஒரு சூலம், கருகிய மண். பக்கத்தில் ஓலைக் கொட்டகை. தட்டை ஏந்திக்கொண்டு வந்தவர் என்னை அடையாளம் கண்டு நின்றுவிட்டார். நெஞ்சு கூடாகியிருந்தது. ஆனால் நிற்கிற விதம் பட்டாளத்து நிற்றல்தான்.

"சார் நல்லா இருக்கீங்களா?"

முதலாளிதான் பரிகாரமாகச் சூலம் நட்டாராம். சின்னையாவே அங்கே கிடந்து கூட்டிப் பெருக்கினால் பாவம் குறையும் என்று பூசாரி சொல்லி அனுப்பினாராம். மகளை ஓர் இடத்தில் இரண்டாந்தாரமாகக் கொடுத்ததாகச் சொன்னார். என் டிரைவர் சூடம் வாங்கப் போன இடைவெளியில் நான் சொல்லிவிட்டேன். சந்தனம், துளை, காற்று, எல்லாம்.

அவர் தட்டைக் கல்லின்மேல் வைத்தார். பிறகு கேட்டார்: "அன்னைக்கி மூடியத் தொறந்திருந்தா?"

"ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும்" என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். "எனக்கே சந்தேகம் வந்துருச்சு சார். நெனவில்லாம எடுத்திருப்பேனோ, தூக்கத்துல எடுத்திருப்பேனோன்னு. சாமி பொய் சொல்லாதுல்ல?" பிறகு என் டிரைவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத வேற யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. பொய்ச் சத்தியம் பண்ணுனவன் எடமுன்னுதான் நிக்கிறாங்க. பண்ணலன்னு தெரிஞ்சா எவன் நிப்பான்? இந்த வயசுல நான் எங்கிட்டுப் போக?"

என் டிரைவர் வந்து சூடத்தை ஏற்றினார். சின்னையா எனக்குத் திருநீறு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியாகப் போனேன். முதலாளியின் பஸ்கள் கைமாறி, மறுபடி கைமாறி, மறைந்து எத்தனையோ காலமாயிற்று. கார் எந்த ஊர் இரும்புக்கடைக்குப் போனதோ. ரோட்டை அகலப்படுத்தியபோது மேட்டை வெட்டிச் சமமாக்கிவிட்டார்கள். சூலம் இருந்த இடம் தார் ரோட்டுக்கு அடியில் எங்கோ இருக்கிறது. வண்டிகள் அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. எதிரே ஒரு டீக்கடை. அங்கே இறங்கி, இங்கே ஒரு மேடு இருந்ததே என்று கேட்டேன்.

"அதுவா? எங்கய்யா சொல்லும். எவனோ ஒரு டிரைவரு பொய்ச் சத்தியம் பண்ணிட்டு வந்து, இந்த எடத்துல ரத்தம் கக்கிச் செத்தானாம்" என்றார் கடைக்காரர்.

"அவரு பேரு?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும் சார்."

"சின்னையா" என்றேன்.

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, டீயை இன்னொரு தரம் ஆற்றி, சர்க்கரை போடலாமா என்று கேட்டார்.